சுற்றுலாப் பேருந்தும் 350-ஆம் எண் பேருந்தும்

ஜெர்மனியின் மேற்குக் கோடியில் இருக்கிறது ஆகன் நகரம். நகர மையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் மேற்கே போனால் நெதர்லாந்து. தெற்கே பத்துக் கிலோமீட்டருக்குள் பெல்ஜியம். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மெலாட்டன் வளாகத்தில் வேலை கிடைத்தவர்களுக்கு எல்லை இன்னும் பக்கம். மதிய இடைவேளையில் சைக்கிளை மிதித்து அண்டை நாட்டுக்குப் போய்த் திரும்பிவிடலாம். ஐ.ஐ.டி. சென்னை 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு கிண்டியில் தொடங்கிய காலத்திலிருந்தே இந்த ஊருக்கும் சென்னைக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு. 2022-23 கல்வியாண்டு முதல் ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே முதலிடத்தில் இருக்கிறார்கள். அவர்களில் தமிழ் பேசுபவர்களை ஆகனில் பேருந்து நிறுத்தத்துக்கு நிறுத்தம் பார்க்கலாம்.

வந்திறங்கிய மூன்றாம் வாரத்தில் எல்லோருக்கும் ஒரே ஆசை வரும். ஐரோப்பாவைப் பார்க்க வேண்டும். அதுவும் வாரக் கடைசிக்குள், மலிவாக. உடனே வாட்ஸாப் குழுவில் ஒரு விளம்பரம் சுற்ற ஆரம்பிக்கும்: இரண்டு நாள், இரண்டு நாடு, மூன்று நகரம், பேருந்து, தங்குமிடம், வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். பிறகு இந்த உரையாடல் நடக்கும்.

"அண்ணா, ரெண்டே நாள்ல பெல்ஜியம், நெதர்லாந்து ரெண்டும் முடிஞ்சிரும். ஹோட்டலும் அவங்களே பாத்துக்குறாங்க. போலாமா?"

"போ தம்பி, ஒரு தடவை போ. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை 350-ல ஏறிப் பாரு."

அண்ணன் சொன்ன 350, ஆகனிலிருந்து வால்ஸ் வழியாக நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்துக்கு ஓடும் சாதாரணத் தடப் பேருந்து. இரண்டும் பேருந்துதான், இரண்டும் எல்லையைத் தாண்டுகின்றன. இவற்றில் எது அண்டை நாட்டைக் காட்டுகிறது என்பதே இங்கே கேள்வி.

சுற்றுலாப் பேருந்தின் வம்சாவளி பழையது. 1855-இல் தாமஸ் குக் ஆங்கிலேயர்களை முதன்முறையாக ஐரோப்பியக் கண்டத்துக்குக் கூட்டிவந்தபோது பிரசல்ஸ், கொலோன், ரைன் நதி, ஸ்ட்ராஸ்பூர்க், பாரிஸ் என்றுதான் அழைத்துப் போனார். இன்றைய மாணவர் சுற்றுலாவும் கிட்டத்தட்ட அதே வட்டாரத்தில்தான் சுற்றுகிறது. பதினெட்டு நாளில் ஒன்பது நாடு பார்க்கும் அமெரிக்கர்களைக் கேலி செய்து 1969-இலேயே ஹாலிவுட் ஒரு படம் எடுத்துவிட்டது. கேலி செய்தால் குறையும் ஆசையா இது? நம்மிடமும் கும்பகோணத்தில் காலையில் ஏறி இரவுக்குள் ஒன்பது கிரகத்தையும் கும்பிட்டு முடிக்கும் பேருந்து இருக்கிறது. அதில் போய்வந்தவர் யாரும் திருநள்ளாற்றில் ஒரு மணி நேரம் கூட இருந்திருக்கலாமே என்று குறைப்படுவதில்லை. அங்கே எண்ணிக்கைதான் புண்ணியம். ஆகனில் கிளம்பும் வண்டியில் எண்ணிக்கை இன்ஸ்டாகிராமுக்குப் போகிறது.

அந்த வண்டி எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வழக்கமான பாதை பிரசல்ஸ், புரூஜ், ஆம்ஸ்டர்டாம். ஆகனிலிருந்து பிரசல்ஸ் சுமார் 140 கிலோமீட்டர், அங்கிருந்து புரூஜ் 100, இரவு தங்க ராட்டர்டாம் பக்கம் ஒரு விடுதி, மறுநாள் ஆம்ஸ்டர்டாம், மாலையில் 230 கிலோமீட்டர் ஓடி ஆகன். ஐம்பது இருக்கை. முன் வரிசையில் ஒலிவாங்கியோடு வழிகாட்டி. அவரும் பெரும்பாலும் மாணவர்தான். பின் வரிசையில் ஸ்பீக்கர் வைத்திருக்கும் கூட்டம். நடுவில், சில்வர் பாயிலில் புளிசாதம் கட்டிவந்த நம்மாட்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணுவார்கள். நாற்பத்தெட்டு வரை வந்து நின்றுவிடும். மீதி இருவர் சாக்லேட் கடையில் இருப்பார்கள்.

இந்தப் பயணத்தின் நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டால் பயணிகள் வழிகாட்டியைக் கை காட்டுவார்கள். உண்மையில் முடிவு செய்வது ஓட்டுநரின் முன்னால் இருக்கும் டாகோகிராஃப் என்ற சின்னப் பெட்டி. 2006-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும். ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. நாளொன்றுக்கு 11 மணி நேரம் தொடர் ஓய்வு. சில நாட்களில் அதை ஒன்பதாகக் குறைத்துக்கொள்ளலாம். 2024-இல் சுற்றுலா வண்டிகளுக்காகக் கொஞ்சம் தளர்த்தி, அந்த 45 நிமிடத்தைப் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாத துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றார்கள். பெட்டி எல்லாவற்றையும் பதிந்துவைக்கும். சாலையில் போலீஸ் நிறுத்தினால் முதலில் கேட்பது அதைத்தான்.

இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒற்றை ஓட்டுநர் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டியை எடுத்தால், பதினொரு மணி நேர ஓய்வை இருபத்துநான்கு மணிக்குள் அடக்க, இரவு எட்டுக்கு விடுதி வாசலில் நிற்க வேண்டும். ஞாயிறு காலை ஏழுக்கு முன் சாவியைத் திருப்ப முடியாது. அந்தப் பதின்மூன்று மணி நேரத்தில் சாலைக்கே ஆறு மணி நேரம் போய்விடும். ஓட்டுநரின் இடைவேளை, கழிப்பறை வரிசை, தலை எண்ணல் எல்லாம் போக பிரசல்ஸுக்கும் புரூஜுக்கும் தலா மூன்று மணி நேரம் தேறினால் பெரிது. புரூஜின் அழகே மாலை ஆறு மணிக்கு மேல், பகல்நேரக் கூட்டம் வடிந்த பிறகுதான் தொடங்குகிறது. சுற்றுலாப் பேருந்து கிளம்புவதும் சரியாக அந்நேரம். வழிகாட்டி அவசரக்காரர் என்று திட்டுவதில் அர்த்தமில்லை. எட்டு மணிக்குள் ஓட்டுநர் படுத்தாக வேண்டும்.

இரண்டாவது முடிவு நகராட்சிகளுடையது. ஆம்ஸ்டர்டாம் 2024 ஜனவரி முதல் ஏழரை டன்னுக்கு மேற்பட்ட சுற்றுலாப் பேருந்துகளை உள்வட்டச் சாலைக்குள் விடுவதில்லை. புரூஜில் பழைய நகரத்துக்கு வெளியே கால்வாய்த் தீவு ஒன்றில் பேருந்துகளை நிறுத்த வேண்டும்; அங்கிருந்து சந்தைச் சதுக்கம் இருபது நிமிட நடை. ஆம்ஸ்டர்டாமின் தங்கும் வரி அறை வாடகையில் 12.5 விழுக்காடு, மாணவர் சுற்றுலா எதுவும் அந்நகரத்தின் நடுவில் இரவு தங்காததற்கு அதுவும் ஒரு காரணம். நகரங்கள் இந்தப் பேருந்துகளை மெல்ல வெளியே தள்ளுகின்றன. அதில் எனக்குக் கோபம் இல்லை. ஐம்பது பேர் ஒரே நேரத்தில் இறங்கி ஒரே பாலத்தில் நின்று ஒரே படத்தை எடுப்பதைப் பார்த்த எந்த ஊர்க்காரரும் அதைத்தான் செய்வார்.

ஆனாலும் சுற்றுலாப் பேருந்து கொடுக்கும் ஒன்றை 350 கொடுக்காது: கதை. பிரசல்ஸின் பெரிய சதுக்கத்தில் தனியாக நின்றால் பொன் பூசிய பழைய கட்டடங்கள் தெரியும், அவ்வளவுதான். வழிகாட்டி அங்கேதான் தன் சம்பளத்துக்கு வேலை செய்கிறார். 1695-இல் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் படை இந்த ஊரைப் பீரங்கியால் அடித்து நொறுக்கியது. நீங்கள் பார்க்கும் இந்த வணிகர் சங்கக் கட்டடங்களை அதற்குப் பிறகு சில ஆண்டுகளுக்குள் போட்டிபோட்டு எழுப்பினார்கள். பீரங்கிக்குக் குறியாக இருந்த நகரமன்றக் கோபுரம் மட்டும் தப்பியது. இதைக் கேட்ட பிறகு அதே சதுக்கம் வேறு மாதிரி தெரியும். மூத்திரம் போகும் சிறுவன் சிலை ஏன் இத்தனை சின்னது என்ற ஏமாற்றத்துக்கும் அவரிடம் மருந்து இருக்கும்: தெருவில் நிற்பது நகல், திருட்டுக்குப் பயந்து அசலை அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். சுற்றுலாவில் போனால், ஆள் நடமாட்டமில்லாத ஊரில் இரவு பத்து மணிக்குப் பேருந்தைத் தவறவிடும் பயமும் இல்லை. வந்து ஒரு மாதமே ஆன, ஜெர்மன் மொழி பிடிபடாத பெண் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை. துருக்கி, மெக்சிகோ, வியட்நாமிலிருந்து வந்த மாணவர்களோடு பேச்சுப் பழக்கம் ஏற்படுவதும் இந்த வண்டியில்தான். ஆகனில் எத்தனை பேருடைய ஐரோப்பிய நட்பு வட்டம் ஒரு சுற்றுலாப் பேருந்தின் பக்கத்து இருக்கையில் தொடங்கியது என்று கேட்டுப் பாருங்கள்.

வழிகாட்டி சொல்ல மறக்கும் ஒன்றை நான் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தில் எல்லோரையும் உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிடச் சொல்வார். அங்கே மரபுப்படி அதை மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். சைவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் இருக்கின்றன.

இனி 350.

ஞாயிறு காலை ஏறினால் பாதி வண்டி காலியாக இருக்கும். முன்னால் சக்கரப் பையோடு இரண்டு மூதாட்டிகள், சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாத ஓர் இளைஞர், அட்டைப்பெட்டியில் பூச்செடியோடு ஒரு தம்பதி. வழிகாட்டி கிடையாது. பதினைந்து இருபது நிமிடத்தில், அறிவிப்பு ஏதும் இல்லாமல், நாடு மாறிவிடும். கவனித்துக்கொண்டிருந்தால் மட்டுமே தெரியும். நடைபாதைக் கல்லின் நிறம் மாறும். கார்களின் எண் பலகை வெள்ளையிலிருந்து மஞ்சளுக்குப் போகும். ஊர்ப் பெயர்ப்பலகை மஞ்சளிலிருந்து நீலத்துக்குப் போகும். வீடுகளின் முன்னறை ஜன்னலில் திரை இருக்காது, உள்ளே சோபாவும் பூச்சாடியும் தெருவுக்குத் தெரியும். எல்லாவற்றையும்விட நிச்சயமான அடையாளம் ஒன்று உண்டு: கடை திறந்திருக்கும். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகளைச் சட்டமே மூட வைக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் அந்தக் கட்டாயம் இல்லை. பால், தக்காளி, வெங்காயம் தீர்ந்துபோன ஆகன்வாசிகள் ஞாயிறன்று வால்ஸுக்கு வந்து வாங்குகிறார்கள். ஐரோப்பிய ஒருங்கிணைப்பு என்றால் என்னவென்று பாடப்புத்தகத்தில் படித்தது இங்கே வெங்காய மூட்டையாகக் கண்ணில் படும்.

வால்ஸில் இறங்கி அரை மணி நேரத்துக்கு மேல் மேடேறினால் வால்ஸ் குன்றின் உச்சி. கடல்மட்டத்திலிருந்து 322 மீட்டர். ஐரோப்பிய நெதர்லாந்தில் இதைவிட உயரமான இடம் இல்லை என்பதால் டச்சுக்காரர்கள் இதை மலை என்கிறார்கள், விட்டுவிடுவோம். உச்சியில் மூன்று நாட்டு எல்லைகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். குழந்தைகள் அதைச் சுற்றி ஓடி நொடிக்கு ஒரு நாடு மாறுவார்கள். பார்க்கப்போனால் அது வெறும் கல். ஆனால் முன்பு சுமார் தொண்ணூறு ஆண்டுகள் இங்கே சந்தித்தவை மூன்றல்ல, நான்கு நிலப்பரப்புகள். நெப்போலியன் வீழ்ந்த பிறகு எல்லையை மறுபடி வரைந்தபோது, அருகிலிருந்த துத்தநாகச் சுரங்கத்தை விட்டுக்கொடுக்கப் பிரஷியாவுக்கும் மனமில்லை, நெதர்லாந்துக்கும் மனமில்லை. 1816-இல் அந்தச் சுரங்கத்தைச் சுற்றியிருந்த மூன்றரைச் சதுர கிலோமீட்டரை யாருக்கும் சொந்தமில்லாத இருவர் பொதுநிலமாக ஒதுக்கிவிட்டார்கள். நடுநிலை மோரெஸ்னெ என்று பெயர். 1830-இல் பெல்ஜியம் பிரிந்தபோது நெதர்லாந்தின் பங்கு அதற்குப் போனது. 1885-இல் சுரங்கம் தீர்ந்தது. பொதுநிலம் மட்டும் மிஞ்சியது. 1908-இல் அங்கே மருத்துவராக இருந்த வில்ஹெல்ம் மோலி என்பவரும் நண்பர்களும் அதை எஸ்பெராண்டோ மொழி பேசும் தனி நாடாக்கவே முயன்றார்கள். முதல் உலகப்போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கை அதைப் பெல்ஜியத்துக்குக் கொடுத்து 1920-இல் கதையை முடித்தது.

அதே உடன்படிக்கை பெல்ஜியத்துக்குக் கொடுத்த மற்றொரு பகுதி ஆய்பென். இன்றும் அங்கே பேச்சு, பள்ளி, பஞ்சாயத்து எல்லாம் ஜெர்மன் மொழியில். பெல்ஜியத்தின் மூன்றாவது ஆட்சிமொழி ஜெர்மன் என்பது பலருக்குத் தெரியாது. ஆகனிலிருந்து அங்கேயும் டவுன் பஸ் மாதிரி ஒரு பேருந்து போகிறது. சுற்றுலாப் பேருந்து இதே நிலத்தை நெடுஞ்சாலையில் பத்து நிமிடத்தில் கடந்துவிடும். பெல்ஜியம் என்றால் பிரெஞ்சு, சாக்லேட், வாஃபிள் என்ற எண்ணத்தோடு பிரசல்ஸில் இறங்கும் மாணவருக்கு, தான் தாண்டிவந்த முதல் சில கிலோமீட்டர் பெல்ஜியத்தில் ஜெர்மன்தான் பேசுகிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

350 ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடி மாஸ்ட்ரிக்டில் முடிகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய ஒப்பந்தத்தில் 1992 பிப்ரவரி 7 அன்று பன்னிரண்டு நாடுகள் கையெழுத்திட்டது இங்கேதான். யூரோ நாணயத்துக்கு வழிவகுத்ததும் அதுவே. ஆனால் என்னை இந்த ஊருக்குத் திரும்பத் திரும்ப இழுப்பது ஒரு புத்தகக்கடை. பதின்மூன்றாம் நூற்றாண்டு டொமினிக்கன் தேவாலயம் அது. பிரெஞ்சுப் புரட்சிப் படை வந்தபோது வழிபாடு நின்றது. பிறகு கிடங்கு, கடைசியில் சைக்கிள் நிறுத்துமிடம் என்று என்னென்னவோ ஆகி, 2006-இல் புத்தகக்கடையானது. சுவரைத் தொடாமல் நடுக்கூடத்தில் கறுப்பு இரும்பில் மூன்றடுக்கு அலமாரி எழுப்பியிருக்கிறார்கள். மேல் தளத்தில் ஏறி நின்றால் கூரையின் பழைய ஓவியம் முகத்துக்கு அருகில் வந்துவிடும். பீடம் இருந்த இடத்தில் காபி விற்கிறார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். யாரும் தலை எண்ண மாட்டார்கள். மாஸ்ட்ரிக்டிலிருந்து மேலும் போக ஆசையிருந்தால் 2024 முதல் ஆகன், மாஸ்ட்ரிக்ட், பெல்ஜியத்தின் லியேஜ் மூன்றையும் ஒரே ரயில் இணைக்கிறது. லியேஜில் ஞாயிறு காலை மியூஸ் ஆற்றங்கரை நெடுக லா பாட் சந்தை. ஆகனின் ஞாயிறு ஊரடங்கிலிருந்து வருபவருக்கு அந்தக் கோழிக்கூச்சலும் பாலாடைக்கட்டி வாசமும் ஊர் நினைப்பைக் கொண்டுவரும்.

350 எல்லாவற்றையும் தானாகக் காட்டிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆகனில் நான்கு ஆண்டு இருந்து, வாரம் தவறாமல் வால்ஸுக்கு வெங்காயம் வாங்கப் போய், குன்றின் மேல் ஒரு நாள்கூட ஏறாதவர்கள் இருக்கிறார்கள். பேருந்துக்குள் யாரும் மோரெஸ்னெ கதையைச் சொல்லப்போவதில்லை. முன்கூட்டிப் படித்துவிட்டு வர வேண்டும். மழை வந்தால் நிறுத்தத்தில் நனைய வேண்டும், மாலை வண்டியைத் தவறவிட்டால் நீண்ட நேரம் நிற்க வேண்டும். எந்த வாரமும் போகலாம் என்ற வசதி கடைசியில் எந்த வாரமும் போகாமல் தூங்குவதில் முடிவதும் உண்டு. பணம் கட்டிவிட்ட சுற்றுலாவோ காலை ஆறு மணிக்கு ஆளை எழுப்பி வெளியே தள்ளிவிடும்.

இரண்டுக்கும் நடுவில் ஓடும் தொலைதூரத் தடப் பேருந்தைப் பற்றியும் கேட்பீர்கள். ரயில்வேயைக் காப்பதற்காக 1930-களில் எழுதிய சட்டம் ஜெர்மனிக்குள் நகரத்துக்கு நகரம் பேருந்து ஓடுவதையே ஏறக்குறைய முடக்கிவைத்திருந்தது. 2013 ஜனவரியில் அதை விலக்கிய பிறகுதான் பச்சைநிற ஃபிளிக்ஸ்பஸ் போன்றவை வந்தன. மலிவு. ஆனால் விமான டிக்கெட் போல விலை நாளுக்கு நாள் மாறும். ஆம்ஸ்டர்டாமில் ஸ்லோட்டர்டைக் நிலையத்தில் இறக்கிவிடும். மீதி உங்கள் பாடு. கதையும் இல்லை, ஜன்னலுக்கு வெளியே ஊரும் இல்லை. போய்ச் சேர மட்டும் உதவும் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை ஒரு கணக்கு. இந்திய மாணவர் விசாவுக்காக முடக்கி வைக்கும் கணக்கிலிருந்து 2024 செப்டம்பர் முதல் மாதந்தோறும் 992 யூரோ கைக்கு வருகிறது. வாடகை, காப்பீடு, சாப்பாடு போக மிச்சத்தில்தான் சுற்றுலா. இங்கே பலர் கவனிக்காத சட்ட வித்தியாசம் ஒன்று இருக்கிறது. பேருந்தும் இரவுத் தங்கலும் சேர்த்து விற்கும் பயணம், ஐரோப்பியச் சட்டத்தில் தொகுப்புச் சுற்றுலா. ஏற்பாட்டாளர் திவாலானால் உங்கள் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்க வேண்டும். ஜெர்மனியில் அதற்கான சான்றிதழைக் கையில் கொடுக்காமல் முன்பணம் வாங்கக் கூடாது. ஆள் சேரவில்லை என்று ரத்து செய்வதற்கும் கெடு உண்டு: இரண்டு முதல் ஆறு நாள் பயணமென்றால் ஏழு நாளுக்கு முன்பே சொல்லியாக வேண்டும், பணம் முழுவதும் திரும்ப வேண்டும். அதைவிடக் குறுகிய பயணத்துக்கு 48 மணி நேரம். இரவுத் தங்கல் இல்லாத, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் முடியும் ஒரு நாள் பயணம் பொதுவாக இந்தச் சட்டத்துக்குள் வராது. நண்பரின் நண்பர் வேன் பிடித்து, பேபால் கணக்கில் பணம் வசூலித்து நடத்தும் சுற்றுலாவில் இந்தச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள், பேச்சே மாறிவிடும். தடப் பேருந்துக்கு வேறு சட்டம். 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தடத்தில் புறப்பாடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் அல்லது வேறு வண்டி கேட்கலாம். 350-க்கு அந்த உரிமை கிடையாது. அடுத்த வண்டிதான் பரிகாரம். மலிவுக்கு வழி யூரீஜியோ டிக்கெட். மூன்று நாட்டு எல்லைப்புறத்திலும் பேருந்து, உள்ளூர் ரயில் இரண்டிலும் ஒரு நாள் முழுக்கச் செல்லும்; சனி, ஞாயிறில் ஒரே டிக்கெட்டில் இரண்டு பேர் போகலாம்.

எல்லை என்ற விஷயத்தில் இரண்டு பேருந்தும் சொல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். லக்சம்பர்க்கின் செங்கன் கிராமத்தில், மோசல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகள் எல்லைச் சோதனையை நீக்கக் கையெழுத்திட்டன. 1995 மார்ச்சில் அது நடப்புக்கு வந்தது. ஆகனைச் சுற்றியுள்ள மூன்று நாடுகளும் அந்த ஐந்தில் அடக்கம். ஆனால் சோதனை இல்லை என்பதும் குடியேறும் உரிமையும் வேறு வேறு. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் என்பதால் நம்முடன் படிக்கும் ஸ்பெயின்காரர் வாடகை குறைவென்று வால்ஸில் வீடெடுத்துத் தங்கி, தினமும் ஜெர்மனிக்கு வகுப்புக்கு வருவார். திருச்சியிலிருந்து வந்தவர் அப்படிச் செய்ய முடியாது. அவருடைய ஜெர்மன் தங்கும் அனுமதி அண்டை நாட்டுக்குப் போய்வர மட்டும்தான் செல்லும். 180 நாளில் 90 நாள். பேருந்து இருவருக்கும் ஒன்று, எல்லை ஒன்றல்ல. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நெதர்லாந்தும் தொடங்கியது. ஞாயிறு இரவு திரும்பிவரும் சுற்றுலாப் பேருந்தை நெடுஞ்சாலை எல்லையில் ஓரங்கட்டுவார்கள். விளக்கெல்லாம் எரியும், இரண்டு காவலர் ஏறுவார்கள், தூக்கக் கலக்கத்தில் ஐம்பது பேரும் பையைத் துழாவுவார்கள். ஐரோப்பிய முகங்களைத் தாண்டி நம் இருக்கைக்கு வந்ததும் அவர்களுடைய நடை கொஞ்சம் நிதானிக்கும். தடப் பேருந்திலும் ஏறலாம். ஆனால் ஐம்பது வெளியூர்க்காரர் மொத்தமாக வரும் வண்டிதான் கண்ணுக்குச் சீக்கிரம் படுகிறது.

என் தீர்ப்பு இது. சுற்றுலாப் பேருந்து தலைநகரங்களைக் காட்டுகிறது, அதை ஓரளவு நன்றாகவே செய்கிறது. அண்டை நாடு என்பதைக் காட்டுவது 350தான். பிரசல்ஸ் சதுக்கத்தையும் புரூஜ் கால்வாயையும் படத்தில்கூடப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு தெருவின் நடுவில் நாடு மாறுவதையும், அதைப் பொருட்படுத்தாமல் ஒரு மூதாட்டி சக்கரப் பையை உருட்டிப் போவதையும் நேரில் பார்த்தால்தான் உண்டு. ஆகவே முதல் செமஸ்டரில் ஒரு முறை, ஏற்பாட்டாளரிடம் சான்றிதழ் கேட்டுவிட்டு, சுற்றுலாப் பேருந்தில் போங்கள், நண்பர்கள் கிடைப்பார்கள். இரண்டாவது முறை அதே பணத்தை அதில் கட்டாதீர்கள். அந்தத் தொகைக்குப் பல ஞாயிற்றுக்கிழமைகள் மூன்று நாட்டிலும் சுற்றலாம். எதில் ஏறினாலும் பாஸ்போர்ட்டும் தங்கும் அனுமதி அட்டையும் அசலாகச் சட்டைப்பையில் இருக்கட்டும். கைப்பேசியில் எடுத்துவைத்த படத்தை நம்பி எல்லை தாண்டாதீர்கள்.